என் காலுக்கு எத்தனை பெயர்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

செயலாளர் போன் செய்து, "அண்ணே, நீங்க வடக்கே பேங்க்ல இருந்தவரு, இந்தி தெரிஞ்சவரு. மொழியைப் பத்தி ஏதாவது அரை மணி நேரம் பேசுங்க" என்றார். மொழியைப் பற்றிப் பேச நான் பண்டிதன் அல்லன், பி.காம். படித்தவன். ஆனால் ஒரே ஒரு சொல்லைப் பற்றி அரை மணி நேரம் பேச எனக்குத் தகுதி உண்டு. அந்தச் சொல்லை அறுபது வருஷமாக இடது காலில் சுமந்துகொண்டிருக்கிறேன். 'ஹேண்டிகேப்டு' என்ற ஆங்கிலச் சொல்தான் அது. அது இந்தியில் என்னவாயிற்று, தமிழில் என்னவாயிற்று, நம் கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையிலும் என்னவாகிக்கொண்டிருக்கிறது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

எனக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. கோமுகி அணை கட்டி முடிக்காத காலம் அது. போலியோ சொட்டு மருந்து என்ற பேச்சே எங்கள் ஊர்ப்பக்கம் வரவில்லை. ஊரில் எனக்கு வைத்த பெயர் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை, ஒவ்வோர் ஊரிலும் ஒருவருக்கு அந்தப் பெயர் இருக்கும். கல்லூரிக்கு வந்த பிறகு நண்பர்கள் எனக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்தார்கள். (வைத்தவர்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்கள், பாருங்கள்!) 1981ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை அனைத்துலக ஊனமுற்றோர் ஆண்டு என்று அறிவித்தது. அந்த வருஷம் நான் மூன்றாமாண்டு. 'ஊனமுற்றோர்' என்று மரியாதையாக என்னை அழைத்தது அந்தச் சுவரொட்டிதான். பிறகு வங்கி வேலை. அங்கே நான் 'பி.எச்.' கேண்டிடேட். ஜபல்பூருக்குப் போட்டார்கள். கவுண்டருக்கு எதிரே நிற்கும்போது 'பாபுஜி', நான் எழுந்து உள்ளே போனதும் 'லங்டா பாபு'. அலுவலகக் காகிதத்தில் 'விக்லாங்'. 2010க்குப் பிறகு தமிழ்நாட்டில் 'மாற்றுத்திறனாளி'. ரயில்வே சலுகை அட்டையில் இப்போது 'திவ்யாங்ஜன்'. கால் என்னவோ அதே கால்தான்.

சரி, சொல்லுக்கு வருவோம். 'ஹேண்டிகேப்' என்பது தொப்பியைக் கையில் ஏந்திப் பிச்சை எடுத்தவர்களிடமிருந்து வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. நானே ஒரு கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். அது கட்டுக்கதை. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பண்டமாற்று மாதிரி ஒரு விளையாட்டு இருந்தது. இரண்டு பேர் பொருளை மாற்றிக்கொள்வார்கள், மதிப்பில் எவ்வளவு வித்தியாசம் என்று நடுவர் சொல்வார், பணயப் பணத்தைத் தொப்பிக்குள் போட்டுக் கையை விட்டு எடுப்பார்கள். 'தொப்பிக்குள் கை' என்பதுதான் பெயர். 18ஆம் நூற்றாண்டில் அது குதிரைப் பந்தயத்துக்குப் போயிற்று. கிண்டியில் பந்தயம் பார்த்தவர்களுக்குத் தெரியும், நன்றாக ஓடுகிற குதிரையின் மேல் கூடுதல் எடை ஏற்றுவார்கள், மற்றக் குதிரைகளுக்கும் வாய்ப்பு வேண்டும் என்பதற்காக. அந்த எடைக்குத்தான் ஹேண்டிகேப் என்று பெயர். மனிதர்களின் உடற்குறைக்கு இந்தச் சொல் வந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தச் சொல்லின் பிறப்பில் குதிரைக்கு ஒரு குறையும் இல்லை. எடை வெளியிலிருந்து ஏற்றப்பட்டது. ஏற்றியவன் ஒருவன் இருக்கிறான். உலக சுகாதார நிறுவனம்கூட 1980இல் வெளியிட்ட வகைப்பாட்டில் இதைப் பிரித்துத்தான் சொன்னது. என் கால் தசை சுருங்கியது ஒன்று. அதனால் நடப்பது சிரமம் என்பது இரண்டாவது. படிக்கட்டு உயரமான பேருந்தில் ஏற முடியாமல் நான் தேர்வுக்கே போக முடியாமற்போவது மூன்றாவது. அந்த மூன்றாவதற்குத்தான் அவர்கள் ஹேண்டிகேப் என்றார்கள். 2001இல் அந்த வகைப்பாட்டையே மாற்றி, அந்தச் சொல்லையும் விட்டுவிட்டார்கள். ஏனென்றால் அதற்குள் ஆங்கிலத்திலும் அது வசவாகிவிட்டது. இங்கிலாந்தில் 'ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி' என்ற பெரிய சங்கம் 1994இல் தன் பெயரையே 'ஸ்கோப்' என்று மாற்றிக்கொண்டது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஸ்பாஸ்டிக் என்பதைத் திட்டாக்கிவிட்டதால்.

இந்தியில் என்ன நடந்தது? அகராதியைத் திறந்தால் ஹேண்டிகேப்டு என்பதற்கு 'விக்லாங்', 'அபங்' என்று இருக்கும். விகல என்றால் குறைபட்ட, அங்க என்றால் உறுப்பு. நம் 'அங்கவீனம்' மாதிரிதான். இலங்கைத் தமிழர்கள் இன்றும் அங்கவீனர் என்ற சொல்லைப் புழங்குகிறார்கள். குதிரை மேல் ஏற்றிய எடை இந்திக்கு வரும்போதே ஆளின் உறுப்புக்குள் போய்விட்டது, கவனியுங்கள். தமிழிலும் அப்படியே. மொழிபெயர்த்தவர்களுக்கு வெளியிலுள்ள படிக்கட்டு கண்ணில் படவில்லை, கால்தான் பட்டது.

1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் இந்திப் பெயரில் எங்களுக்கு 'நிஷக்த்' என்று பட்டம். சக்தி அற்றவர்! நான் ஜபல்பூரில் தினமும் நூறு வவுச்சர் பாஸ் செய்துகொண்டிருந்தேன், காகிதத்தில் சக்தியற்றவன். இருபது வருஷம் கழித்து, 2015 டிசம்பர் 27ஆம் தேதி 'மனதின் குரல்' வானொலி உரையில் பிரதமர் நரேந்திர மோடி, விக்லாங் என்பதை விட்டு 'திவ்யாங்' என்று சொல்லலாமே என்றார். தெய்வீக உறுப்பு என்று பொருள். 2016இல் மத்திய அரசுத் துறையின் இந்திப் பெயரே திவ்யாங்ஜன் என்று மாறியது, அந்த ஆண்டுச் சட்டத்தின் இந்திப் பெயரும் அப்படியே. சக்தியே இல்லாதவர்கள் இருபது வருஷத்தில் தெய்வமாகிவிட்டோம். மாற்றுத்திறனாளிகள் உரிமை அமைப்புகள் பல இதை எதிர்த்தன, பிரதமருக்குக் கடிதமும் எழுதின. அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி: எங்கள் குறை தெய்வம் கொடுத்த வரம் என்றால், அப்புறம் சாய்தளம் எதற்கு, இட ஒதுக்கீடு எதற்கு?

திவ்யம் என்று ஒருவர் சொன்னால் பாவம் என்று இன்னொருவர் சொல்வார், இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 2024இல் சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் ஒரு பேச்சாளர், உடற்குறை முற்பிறவிப் பாவத்தின் பலன் என்கிற மாதிரி மாணவிகளிடம் பேசினார். அங்கே இருந்த பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அந்த இடத்திலேயே எழுந்து கேள்வி கேட்டார். நீங்கள் எல்லாரும் செல்போனில் பார்த்திருப்பீர்கள்.

இந்தி பேசும் கிராமத்து ஜனங்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் கண் தெரியாத பெரியவரை 'சூர்தாஸ்ஜி' என்று கூப்பிடுவார்கள், பக்திக் கவி சூர்தாஸ் பெயரால். காசிப் பக்கத்து மாம்பழத்துக்கே 'லங்டா' என்று பெயர். கால் ஊனமான ஒருவர் வளர்த்த மரம் என்று கதை சொல்வார்கள். கோடையில் மேசை மேல் பழத்தை வைத்து, "பாபுஜி, லங்டா சாப்பிடுங்க" என்பார்கள். முதல் வருஷம் கோபம் வந்தது, இரண்டாவது வருஷத்திலிருந்து பழம் தின்றேன்.

இந்தியில் 19க்கு 'உன்னீஸ்' என்று பெயர். 29 உந்தீஸ், 49 உன்ச்சாஸ். இந்த 'உன்' எங்கிருந்து வந்தது தெரியுமா? சமஸ்கிருத 'ஊன'. குறைந்த என்று பொருள். இருபதில் ஒன்று குறைந்தது உன்னீஸ். நம் ஊனமுற்றோரில் இருக்கிற ஊனமும் அதேதான்! பத்தொன்பதைப் பார்த்து யாராவது பரிதாபப்பட்டதுண்டா? அது பாட்டுக்கு ஒரு முழு எண். ஆனால் இருபதை அளவுகோலாக வைத்தால் அது 'ஊன' இருபது. ஊனமுற்றோர் என்ற சொல்லில் இருக்கும் சங்கடம் இதுதான். கெட்ட வார்த்தை அல்ல அது. யாரை முழு ஆள் என்று வைத்து எங்களை அளக்கிறீர்கள் என்ற கேள்வி மட்டும் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

பழந்தமிழிலும் இந்த அளவுகோல் உண்டு. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குச் சொன்ன புறநானூற்று 28ஆம் பாட்டில் 'எண்பேரெச்சம்' என்று எட்டு வகைக் குறைகள் வரிசையாக வருகின்றன. எச்சம்! இலக்கண வகுப்பில் பெயரெச்சம், வினையெச்சம் படித்தீர்களே, அதே எச்சம். 'வந்த' என்று சொன்னால் மனசு நிற்காது, 'வந்த பையன்' என்று இன்னொரு சொல் வந்து முடிக்க வேண்டும். ஆளே முற்றுப்பெறாத சொல் என்கிறார்கள். அதே சமயம் சங்கப் புலவர்களின் பெயரைப் பாருங்கள்: உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், ஐயூர் முடவனார். முடம் என்பது பெயரிலேயே இருக்கிறது, பின்னால் மரியாதையாக 'ஆர்' விகுதியும் இருக்கிறது. இந்த ஐயூர் முடவனார் தாமான் தோன்றிக்கோன் என்ற தலைவனிடம் போய் என்ன கேட்டார்? பகடு கேட்டார், அதாவது எருது. நடக்க முடியாதவர், வண்டிக்கு மாடு கேட்டார் என்று பொருள் கொள்கிறார்கள். 'என்னை முடவன் என்று கூப்பிடாதே' என்று அவர் மனுக் கொடுத்ததாகத் தெரியவில்லை. எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

பின்னால் 'நொண்டி நாடகம்' என்று ஒரு வகையே வந்தது. திருடன் ஒருவன் தண்டனையில் கால் இழந்து, பிறகு தெய்வ அருளால் கால் பெறுவான். கால் போனால் அவன் தப்புச் செய்தவன், திரும்பக் கிடைத்தால் அது அருள். சொன்னேனே, ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று. அந்த நாடகத்தின் மெட்டுக்கு 'நொண்டிச் சிந்து' என்று பெயர், பாரதியாரும் அந்த மெட்டில் பாடியிருக்கிறார். நம் பேச்சைக் கவனித்தால் குருட்டு அதிர்ஷ்டம், நொண்டிச் சாக்கு, ஊமைக் காயம் என்று எத்தனை! இதையெல்லாம் மொழியிலிருந்து துடைத்தெறிய வேண்டும் என்பது என் கட்சி அல்ல. ஊமைக் காயம் என்பதற்கு வேறு நல்ல சொல் எனக்கே தெரியாது.

2010இல் கலைஞர் ஆட்சியில் 'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளிகள்' வந்தது, துறையின் பெயரும் மாறியது. அமெரிக்காவில் 1980களில் கிளம்பிய 'டிஃபரன்ட்லி ஏபிள்டு' என்ற தொடரின் தமிழாக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். வங்கிக்கு வந்த ஒரு சின்னப் பையன், "அங்கிள், நீங்க மாற்றுத்திறனாளியா?" என்று கேட்டபோது அவன் முகத்தில் கேலி இல்லை. அது பெரிய விஷயம். இன்று உரிமைக்குப் போராடுகிற சங்கங்களே தங்கள் பெயரில் அந்தச் சொல்லை வைத்திருக்கின்றன. நம் மாவட்டத்துக் கூவாகத்துக்குச் சித்திரையில் வருகிறவர்களுக்குத் 'திருநங்கை' என்ற சொல் நிலைத்தது எப்படி? அவர்கள் வாயால் அவர்களே அதைச் சொல்லிக்கொண்டார்கள், அதனால் நிலைத்தது.

ஆனால் ஒன்று. தமிழில் மரியாதை பெயர்ச்சொல்லில் மட்டும் இல்லை, வினைமுற்றில் இருக்கிறது. "சார், ஒரு மாற்றுத்திறனாளி வந்திருக்குது." இப்படி எத்தனை ஆபீஸில் கேட்டிருக்கிறேன்! பெயரை உயர்த்தியாயிற்று, வினை பழைய இடத்திலேயே நிற்கிறது. குழந்தையை 'அது தூங்குது' என்றால் பிரியம். ஐம்பது வயது ஆளை, மனவளர்ச்சி குறைந்தவர் என்பதற்காக, 'அது சாப்பிட்டுதா?' என்று கேட்டால் என்ன அர்த்தம்? தம்பி தங்கைகள் இதை ஒரு வாரம் காதைத் தீட்டிக்கொண்டு கவனியுங்கள். உங்கள் வீட்டிலேயே கேட்கும்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். 2024 ஜூன் மாதத்தை மறக்க முடியுமா? கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனால் உடம்புக்குள் போனால் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது, அது கண் நரம்பைத்தான் முதலில் தேடிப் போகும். தப்பிப் பிழைத்தவர்களில் சிலருக்குப் பார்வை பாதித்தது. மூட்டை தூக்கிக் கூலி வாங்கிய ஒரு மனிதர், நாற்பத்தைந்து வயதில், ஒரே இரவில் பார்வை இழக்கிறார் என்று வையுங்கள். அவருக்கு என்ன 'மாற்றுத் திறன்' இருக்கிறது, சொல்லுங்கள். எந்த உறுப்பு 'திவ்யம்'? இந்தச் சொற்கள் எல்லாம் கீபோர்டு வாசிக்கிற பார்வையற்ற இளைஞரையும், பதக்கம் வாங்குகிற வீரரையும் மனசில் வைத்துச் செய்தவை. திறமை காட்டினால்தான் மரியாதை என்ற நிபந்தனை அதற்குள் இருக்கிறது. இவருக்கு அது பொருந்தாது. தெருவில் இவரை யாரும் மாற்றுத்திறனாளி என்று சொல்லவும் மாட்டார்கள், "குடிச்சான், கண்ணு போச்சு" என்பார்கள்.

சட்டம் அப்படிக் கேட்பதில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கண் எப்படிப் போயிற்று, குடித்தாயா, என்ற கேள்வியே கிடையாது. நீண்டகாலக் குறை இருக்கிறதா, சுற்றியுள்ள தடைகளோடு சேர்ந்து அது அவரைச் சமமாகப் பங்கேற்கவிடாமல் செய்கிறதா, அவ்வளவுதான். 40 சதவீதத்துக்குக் குறையாமல் மருத்துவர் சான்று தந்தால் ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கும் தகுதி. 'தடைகளோடு சேர்ந்து' என்ற இடத்தைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். குதிரை மேல் ஏற்றிய எடை சுற்றிச் சுற்றி இங்கேதான் திரும்பி வந்து நிற்கிறது.

மலைக்கு வருகிறேன். ஓய்வுபெற்று ஊர் திரும்பியபின் நண்பர்களோடு வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் முகாம்களுக்கு உதவிக்குப் போவதுண்டு. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகும்வரை அந்த ஜனங்கள் மாவட்ட அலுவலகத்துக்கு விழுப்புரம் போக வேண்டும். மலையிறங்கி, பஸ் மாறி, கூலியை விட்டு, கூட ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு. இப்போது கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வந்துவிட்டது. 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. முகாமே மலைக்கு வருகிறது.

அப்படி ஒரு முகாம். முதல் நாள் ஜீப்பில் மைக் கட்டி அறிவித்தாயிற்று, 'மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்பு மதிப்பீட்டு முகாம்' என்று. கூட்டம் குறைவு. மதியத்துக்கு மேல் நாங்கள் இரண்டு பேர் ஊருக்குள் நடந்தோம். ஒரு வீட்டு வாசலில் ஓர் அம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒன்பது வயதுப் பையன். நாங்கள் கூப்பிட்டால் திரும்பவில்லை, நிழல் பட்டதும் திரும்பினான்.

"ஏம்மா, முகாமுக்கு வரலையா?"

"அது ஏதோ திறமை இருக்கிறவங்களுக்காமே சாமி. எம்புள்ளைக்கு ஒண்ணும் வராதுங்க. காது கேக்காது, பேச்சு வராது."

நான் அந்த இடத்தில் ஒரு நிமிஷம் பேசாமல் நின்றேன். அந்த அம்மா தமிழைச் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார். திறனாளி என்றால் திறன் உள்ளவர். தன் பிள்ளைக்குத் திறன் இல்லை என்று ஊரே சொல்லியிருக்கிறது. ஆகவே முகாம் அவனுக்கு இல்லை. எங்களை உயர்த்துவதற்காகச் செய்த சொல், அந்தப் பிள்ளையை வாசலிலேயே நிறுத்திவிட்டது. காது கேளாத குழந்தைக்கு முதல் சில வருஷங்கள் பொன்னானவை. கருவியோ சைகை மொழியோ, எதுவானாலும் அப்போதே தொடங்கினால்தான் மொழி வளரும். அவனுக்கு ஒன்பது வயது. அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடினோம், சாயங்காலம் மூட்டை கட்டுவதற்குள் டாக்டர் பார்த்துவிட்டார். பார்க்காமல் போன பிள்ளைகள் எத்தனை பேர் என்று எனக்கு யார் சொல்வார்கள்?

இதனால் மாற்றுத்திறனாளி என்ற சொல்லை விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அரசாணையில், பெயர்ப் பலகையில், மேடையில் அது இருக்கட்டும். திவ்யாங் வேண்டாம், அதை மட்டும் நான் கூசாமல் சொல்வேன். ஆனால் மலையில் மைக் பிடிக்கிறபோது வேறு தமிழ் வேண்டும்.

நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்துத் தம்பி தங்கைகள் அடுத்த மாதம் மலைக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களுக்காக ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், செயலாளரிடம் கொடுத்துவிடுகிறேன். மைக்கில் இப்படிப் படியுங்கள்: "கண்ணு தெரியாதவங்க, மங்கலா தெரியறவங்க, காது கேக்காதவங்க, பேச்சு வராதவங்க, கை கால் வராதவங்க, ரொம்பக் குள்ளமா இருக்கிறவங்க, வயசுக்கேத்த அறிவு வளர்ச்சி இல்லாத பிள்ளைங்க, மனசு சரியில்லாம ரொம்ப நாளா இருக்கிறவங்க, தொழுநோய் வந்து குணமானவங்க, அரிவாள் செல் ரத்தசோகை உள்ளவங்க, எல்லாரும் வாங்க. எப்படி வந்துச்சுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. நடக்க முடியாதவங்க வீட்டுக்கு நாங்களே வர்றோம்." 1995 சட்டத்தில் இருந்தது 7 வகை, 2016 சட்டத்தில் 21 வகை. அதில் அரிவாள் செல் நோயும் சேரும் என்பது மலையில் பல பேருக்குத் தெரியாது, அழுத்திச் சொல்லுங்கள். அம்மாக்கள் வெளியே வந்த பிறகு படிவத்தில் மாற்றுத்திறனாளி என்று எழுதிக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு சின்ன விண்ணப்பம், தலைவர் அவர்களுக்கு. நம் சங்கம் கொடுக்கிற உதவித்தொகைப் படிவத்தில் எட்டாவது கட்டத்தில் இன்னும் 'ஹேண்டிகேப்டு: ஆம் / இல்லை' என்று இருக்கிறது. அதை அடித்துவிட்டு, 'வகுப்புக்கு வரவும் தேர்வு எழுதவும் உங்களுக்கு என்ன வசதி வேண்டும்?' என்று கேட்டு, பதில் எழுத இரண்டு வரி இடம் விடுங்கள். அடுத்த அச்சடிப்பு ஜூனில் என்று செயலாளர் சொன்னார். அச்சுக்கூலியில் கூடுதலாக ஏதும் வந்தால் 'எக்ஸ்பிரஸ்' கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.